பாய்லர் பற்றிக் கேளுங்கள்: சான்றிதழ், சோதனை, இன்ஸ்பெக்டர்

கொதிகலன் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். அரிசி ஆலை, சாயப்பட்டறை, ஜவ்வரிசி ஆலை, மின் நிலையம் எல்லாவற்றிலும் பாய்லருக்குள் தவழ்ந்து பார்த்திருக்கிறேன். தெரிந்ததற்குப் பதில் சொல்கிறேன், தெரியாததற்கு ஆள் காட்டுகிறேன். கேள்விக்கு முன்னால் ஒன்று: அழுத்தம் அளவு மீறினால் தானாகத் திறந்து ஆவியை வெளியே விடுகிற சேஃப்டி வால்வில் யாரும் கை வைக்காதீர்கள்.

கேள்வி (பொறியியல் மாணவி, கோயம்புத்தூர்): சார், தண்ணீர் காய்ச்சுகிற ஒரு டிரம்முக்கு எதற்குத் தனியாக ஒரு சட்டம்? லேத்துக்கும் கிரேனுக்கும் அப்படி இல்லையே?

பதில்: நல்ல கேள்வி, அம்மா. லேத் கெட்டால் அதன் முன்னால் நிற்பவருக்கு ஆபத்து. பாய்லர் கெட்டால் அடுத்த தெருவில் தூங்குகிறவருக்கும் ஆபத்து.

சதுர சென்டிமீட்டருக்கு 10 கிலோ அழுத்தத்தில் ஓடும் பாய்லரில் தண்ணீர் ஏறக்குறைய 184 டிகிரியில் இருக்கும். அழுத்தம் இருக்கும்வரை அது தண்ணீராகவே கிடக்கும். ஷெல் என்கிற வெளிக்கூடு கிழிந்து அழுத்தம் போன நொடியில் 184 டிகிரியில் அது தண்ணீராக இருக்க முடியாது. ஆறில் ஒரு பங்கு அப்படியே ஆவியாக மாறும். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியானால் 1,600 லிட்டருக்கு மேல் இடம் கேட்கும். ஆயிரம் லிட்டர் தண்ணீர் உள்ளே இருந்தால் எவ்வளவு என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். கூரை, சுவர், சில சமயம் பாய்லரே எழும்பிப் போவது இதனால்தான். பலர் நினைக்கிற மாதிரி ‘ஆவி வெடிப்பது’ மட்டும் இல்லை. உள்ளே இருக்கும் தண்ணீர்தான் பெரிய ஆபத்து.

1863-ல் கல்கத்தாவில் ஒரு பாய்லர் வெடித்துப் பலர் இறந்தார்கள். அடுத்த ஆண்டே, 1864-ல், வங்காளத்தில் சட்டம் வந்தது. அப்புறம் ஒவ்வொரு மாகாணமும் தன் இஷ்டத்துக்கு ஒரு விதி போட்டது. ஒரு ஊரில் செல்லும் பாய்லர் இன்னொரு ஊரில் செல்லாது. அந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் 1923-ல் இந்தியா முழுமைக்கும் ஒரே சட்டம். தகட்டின் தடிமன், வெல்டிங், வால்வின் அளவு எல்லாம் 1950-ன் இந்தியக் கொதிகலன் ஒழுங்குமுறையில் இருக்கிறது. நாங்கள் ஐபிஆர் என்போம். 2025-ல் பழைய சட்டத்தை எடுத்துவிட்டுப் புதிய கொதிகலன் சட்டம் கொண்டுவந்தார்கள்.

கேள்வி (இல்லத்தரசி, மதுரை): ஐயா, வீட்டுக் குக்கரும் பாய்லர்தானே? அதற்குச் சான்றிதழ் எங்கே வாங்குவது?

பதில்: வேண்டாம், அம்மா. 25 லிட்டருக்குக் குறைவான கலம் பாய்லர் சட்டத்துக்குள் வராது. ஆனால் குக்கருக்கும் அரசு விதி இருக்கிறது: ஐஎஸ் 2347 என்ற தரம். 2021 பிப்ரவரியிலிருந்து ஐஎஸ்ஐ முத்திரை இல்லாத குக்கரை விற்கவே கூடாது. அப்படியும் விற்றதற்காக 2022-ல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் பெரிய ஆன்லைன் கடைகளுக்கே தலா 1 லட்ச ரூபாய் அபராதம் போட்டது. வாங்கும்போது முத்திரையைப் பாருங்கள். வெயிட் போடும் குழாயை வெளிச்சத்தில் பிடித்து, துளை தெரிகிறதா என்று பார்த்துவிட்டு மூடியைப் போடுங்கள். சேஃப்டி பிளக் போனால் அதே கம்பெனிப் பிளக்தான். தெருக்கடையில் ஐந்து ரூபாய் மிச்சம் பிடிக்கிற இடம் இது இல்லை.

கேள்வி (பாய்லர் அட்டெண்டர், நாமக்கல்): அண்ணே, பாய்லரின் தண்ணீர் மட்டம் காட்டுகிற கேஜ் கிளாஸில் தண்ணி தெரியவில்லை என்றால் உடனே பம்ப்பைப் போட்டுவிடலாமா? இங்கே பழைய ஆள் ஒருவர் அப்படித்தான் சொல்கிறார்.

பதில்: போடவே போடாதீர்கள், தம்பி! பழைய ஆளிடமும் இதைப் படித்துக் காட்டுங்கள். தண்ணீர் இறங்கிப்போய் குழாய் காய்ந்து சிவந்திருக்கலாம். அதன் மேல் தண்ணீர் பட்டால் அப்புறம் பேச ஆள் இருக்காது. முதலில் நெருப்பு. உமி போடுவதை நிறுத்துங்கள், ஃபேனை நிறுத்துங்கள், எரிவதை ஈரச் சாம்பல் போட்டு அமுக்குங்கள். தானாக ஆறட்டும். அழுத்தத்தைக் குறைக்கிறேன் என்று சேஃப்டி வால்வைத் தூக்காதீர்கள். ஆறிய பிறகு அதிகாரிக்குச் சொல்லாமல் திரும்பப் பற்றவைக்காதீர்கள்.

இதைவிட மோசமானது, தண்ணீர் இருப்பதுபோல் பொய் காட்டுவது. கீழ்க் குழாயில் உப்பு அடைத்துவிட்டால் கிளாஸில் பழைய தண்ணீர் நின்றுகொண்டே இருக்கும், பாய்லர் உள்ளே காய்ந்துகொண்டிருக்கும். உயிருள்ள மட்டம் லேசாக ஆடிக்கொண்டே இருக்கும். ஆடாமல் கோடு போட்ட மாதிரி நின்றால் சந்தேகப்படுங்கள். ஷிஃப்ட் ஏறியதும் கிளாஸுக்கு அடியில் இருக்கும் டிரெயின் காக் என்ற திருகைத் திறந்து விடுங்கள், தண்ணீர் போக வேண்டும். மூடினால் சட்டென்று ஏறி வர வேண்டும். மெதுவாக ஏறினால் அடைப்பு. இதற்கு ஒரு நிமிஷம்கூட ஆகாது.

கேள்வி (அரிசி ஆலை உரிமையாளர், தஞ்சாவூர் மாவட்டம்): ஐயா, கோபித்துக்கொள்ளாதீர்கள். பாய்லர் என்னுடையது. வெடித்தால் போவது என் மில். என்னைவிட அரசாங்கத்துக்கு அதன்மேல் அக்கறையா? வருஷத்துக்கு ஒரு தடவை வருகிறவர் கவரை வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறார். இதைப் பாதுகாப்பு என்கிறீர்களா?

பதில்: இதில் இரண்டு கேள்வி இருக்கிறது.

உங்கள் அக்கறையை நான் சந்தேகப்படவில்லை. ஆனால் சம்பா அறுவடை முடிந்து, வாசலில் லாரி வரிசையாக நிற்கிறது. அந்த நேரத்தில் ஒரு டியூப் கசிகிறது. நிறுத்தினால் நனைந்த நெல் கெட்டுப்போகும். ‘இந்த லோடு முடியட்டும், அப்புறம் பார்க்கலாம்’ என்பீர்கள். கெட்டவராக இருப்பதால் இல்லை, நான் உங்கள் இடத்தில் இருந்தாலும் அதையேதான் சொல்வேன். நிறுத்தினால் இன்றைக்கு என்ன நஷ்டம் என்பது கணக்கில் தெரிகிறது. ஓட்டினால் என்ன ஆகும் என்பது தெரிவதில்லை. சான்றிதழில் ஒரு முடிவுத் தேதி இருப்பதன் காரணமே இதுதான். எப்போது நிறுத்திப் பார்ப்பது என்ற முடிவை, நிறுத்தினால் நஷ்டப்படுகிற ஆளின் கையில் சட்டம் விடுவதில்லை.

1865 ஏப்ரலில் அமெரிக்காவில், மிசிசிப்பி ஆற்றில் ‘சுல்தானா’ என்ற நீராவிப் படகு வெடித்தது. விக்ஸ்பர்க்கில் நிற்கும்போதே ஒரு பாய்லரில் தகடு புடைத்துக் கசிந்தது. முறையாகச் சரிசெய்ய நாள் பிடிக்கும், அதற்குள் பயணிகளை வேறு படகு ஏற்றிக்கொண்டு போய்விடும். போரில் சிறைப்பட்டு விடுதலையான சிப்பாய்கள் அவர்கள், தலைக்கு இவ்வளவு என்று அரசு பணம் கொடுத்தது. ஒட்டுப் போட்டுக் கிளப்பினார்கள். 376 பேர் ஏறலாம் என்று அனுமதி, ஏறியது 2,000 பேர் அளவில். மெம்பிஸ் தாண்டியதும் வெடித்தது. இறந்தவர்கள் 1,100-க்கு மேல். கேப்டனும் அந்தப் படகில்தான் இருந்தார், அவரும் செத்தார். ‘எனக்கும்தானே உயிர்’ என்பது அவரை நிறுத்தவில்லை.

அது பழைய கதை என்றால், 2017 நவம்பர் 1, உத்தரப் பிரதேசம் ஊஞ்சாஹார் அனல் மின் நிலையம். உலையின் அடியில் சாம்பல் கட்டிப்போய் அடைத்தது. முழுக்க நிறுத்தாமல், உற்பத்தியைக் குறைத்து ஓட்டிக்கொண்டே அதை இடித்து எடுக்கப் பார்த்தார்கள். 40 பேருக்கு மேல் இறந்தார்கள்.

இன்னொன்று. வெடித்தால் பாய்லர் முன்னால் நிற்பது உங்கள் அட்டெண்டர். நீங்கள் அநேகமாக ஆபீஸ் ரூமில் இருப்பீர்கள்.

இரண்டாவது, கவர். நடக்கிறது. இல்லை என்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். ஆனால் அந்தக் கவரைக் கொடுத்து நீங்கள் என்ன வாங்குகிறீர்கள் என்று யோசித்தீர்களா? சோதனை இல்லாமல் ஓட்டுகிற வசதியை. அதிகாரி வாங்குகிறார் என்பது அதிகாரியை மாற்றக் காரணம், சோதனையை எடுத்துவிடக் காரணம் ஆகாது. அடுத்த முறை கையில் கவர் இல்லாமல், கூடவே நின்று, ஹைட்ராலிக் டெஸ்ட் நடக்கும்போது அழுத்தம் காட்டும் கேஜைப் பாருங்கள். பாய்லர் நிறையத் தண்ணீர் நிரப்பி, வழக்கமான அழுத்தத்தைவிடக் கூட்டிப் பிடித்து வைப்பார்கள். காற்றை வைத்துச் செய்யாமல் தண்ணீரில் செய்வது ஏன் தெரியுமா? தண்ணீர் அமுங்காது, தகடு விட்டுக்கொடுத்தால் ஒழுகும், பறக்காது. முள் இறங்காமல் நிற்கிறதா என்று உங்கள் கண்ணாலேயே தெரியும்.

கேள்வி (சென்னை): சார், குக்கர் விசில் வராமல் ஆவி பக்கத்தில் போகிறது, வெடிக்குமா?

பதில்: கேஸ்கெட் மாற்றுங்கள்.

கேள்வி (அதே ஆலை உரிமையாளர்): நிற்கிறேன் ஐயா, பார்க்கிறேன். ஆனாலும் இன்ஷூரன்ஸ் கம்பெனியே சோதிக்கட்டுமே. பிரீமியம் ஏறும் என்றால் எவனும் ஒழுங்காக இருப்பான். அரசு எதற்கு?

பதில்: உங்களுக்கு முன்பே யோசித்துவிட்டார்கள். 1854-ல் மான்செஸ்டரில் ஆலைக்காரர்களே சேர்ந்து, பாய்லரைப் போய்ப் பார்க்க ஒரு சங்கம் வைத்தார்கள். சுல்தானாவுக்கு அடுத்த ஆண்டு, 1866-ல், ஹார்ட்ஃபோர்டில் பாய்லருக்கென்றே இன்ஷூரன்ஸ் கம்பெனி தொடங்கியது. நல்ல வேலைதான் செய்தார்கள், குறை சொல்ல மாட்டேன். ஆனால் விருப்பம் உள்ளவர்தான் சேருவார். ஓட்டைப் பாய்லர் வைத்திருப்பவர் ஏன் சேரப்போகிறார்?

1905 மார்ச் 20, மாசசூசெட்ஸில் பிராக்டன் என்ற ஊர். ஒரு ஷூ தொழிற்சாலை. புது பாய்லரை நிறுத்திவிட்டுப் பழையதைப் பற்றவைத்தார்கள். அது கூரையைத் துளைத்துக்கொண்டு போனது, கட்டடம் சரிந்து தீப்பிடித்தது. 58 பேர் இறந்தார்கள். தகடுகளை ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி ரிவெட் அடித்த மூட்டுக்குள் விரிசல். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாத இடம். அப்படி மூட்டு வைப்பதே தப்பு என்ற பாடத்தை ஒரு முதலாளி கற்றால் ஒரு பாய்லர் மாறும். 1907-ல் அந்த மாநிலம் சட்டம் போட்டது, சில ஆண்டுகளில் அமெரிக்கப் பொறியாளர் சங்கமான ஆஸ்மி தன் பாய்லர் விதித்தொகுப்பை வெளியிட்டது. எங்கோ ஒருவன் செத்துக் கற்ற பாடம் எல்லார் பாய்லருக்கும் போய்ச் சேர்ந்தது அப்படித்தான். பிரீமியத்தால் அதைச் செய்ய முடியாது.

கேள்வி (சாயப்பட்டறை இன்ஜினியர், திருப்பூர்): பாய்லர் சட்டத்தின் 2007 திருத்தத்திலேயே தனியார் ஆய்வாளருக்கு வழி விட்டாயிற்றே? இப்போது தண்டனையும் குறைத்துவிட்டார்களே?

பதில்: தகுதி இருந்தால் தனியார் பார்ப்பதில் எனக்கு வருத்தம் இல்லை. சோதிக்கிறவருக்குச் சோதிக்கப்படுகிறவரே கூலி கொடுக்கிறார் என்பதுதான் உறுத்துகிறது. ‘போன ஆள் ரொம்பக் கறார், வேறு ஆளைக் கூப்பிடு’ என்று மாற்றிக்கொள்ள முடியக்கூடாது. தண்டனையைப் பொறுத்தவரை, 2025 சட்டத்தில் 7 குற்றங்கள். உயிருக்கும் உடைமைக்கும் ஆபத்தான 4 குற்றங்கள் இன்னும் கிரிமினல்தான், மற்ற 3 அபராதத்தோடு போகும். என் பார்வையில் அது சரியே. படிவம் தாமதமானதற்கு ஆளைக் கோர்ட்டுக்கு இழுத்து என்ன ஆகப்போகிறது?

கேள்வி (ஒப்பந்தத் தொழிலாளி, கடலூர் மாவட்டம்): நெய்வேலியில் அரசு நிறுவனம், அரசு சான்றிதழ். 2020-ல் இரண்டு தடவை வெடித்ததே, ஐயா? ஆலைக்காரர் கேட்பதில் என்ன தப்பு?

பதில்: தப்பில்லை, தம்பி. இன்றைக்கு வந்ததிலேயே கனமான கேள்வி இது. மே 7-ல் இரண்டாவது அனல் மின் நிலையத்தில் ஒன்று, ஜூலை 1-ல் அதே நிலையத்தில் இன்னொன்று. ஜூலையில் அந்த இடத்திலேயே 6 பேர் போனார்கள், பிறகு மருத்துவமனையில் இன்னும் பலர்.

வருடாந்தர சான்றிதழ் எதற்கு என்றால், அன்றைக்கு அந்தக் கலமும் குழாய்களும் அழுத்தத்தைத் தாங்கும் என்பதற்கு. மீதி 364 நாள் அதை எப்படி ஓட்டுகிறார்கள், பழுது பார்க்க ஆளை எப்போது உள்ளே அனுப்புகிறார்கள் என்பதெல்லாம் அந்தக் காகிதத்தில் வராது. சான்றிதழ் இருக்கிறது என்று சொல்லித் தப்பிக்கப் பார்க்கிற நிர்வாகத்தை நான் ஏற்கமாட்டேன், அது அரசு நிர்வாகமாக இருந்தாலும். ஒரு யூனிட்டில் விபத்து என்றால், காரணம் தெரிந்து மற்ற யூனிட்களையும் பார்க்கும்வரை ஓட்டக் கூடாது என்று விதி வேண்டும் என்பது என் கட்சி. ஆக நெய்வேலியிலிருந்து எனக்குத் தெரிவது, விதி போதவில்லை என்பது. ஆலைக்காரர் கேட்பது, இருக்கிறதையும் எடு என்று.

கேள்வி (ஆலை உரிமையாளர்): நான் எடுக்கச் சொல்லவில்லை ஐயா, ஒழுங்காக வை என்கிறேன்.

பதில்: அப்படியானால் நாம் இவ்வளவு நேரம் சண்டை போட்டிருக்கவே வேண்டாம்.

கேள்வி (திருமண மண்டபம், திண்டுக்கல்): இட்லிக்கு ஸ்டீம் பாய்லர் வாங்கினோம். ‘நான்-ஐபிஆர், லைசென்ஸ் தேவையில்லை’ என்றார்கள். ஆவி வீணாகிறது என்று சமையல்காரர் வால்வை முடுக்கிவிட்டார். பரவாயில்லையா?

பதில்: உடனே நிறுத்துங்கள். சேஃப்டி வால்வில் கை வைக்காதீர்கள் என்று முதலிலேயே சொன்னேன். ஆவி வெளியே போனால் அது வீண் இல்லை, வால்வு தன் வேலையைச் செய்கிறது என்று அர்த்தம். நான்-ஐபிஆர் என்றால் ‘சட்டத்தின் அளவுக்குக் கீழே’ என்றுதான் பொருள், ‘வெடிக்காது’ என்று பொருள் இல்லை. விற்றவரைக் கூப்பிட்டு வால்வைத் திரும்ப செட் பண்ணி சீல் வைக்கச் சொல்லுங்கள். சமையல்காரர் கைக்கு ஸ்பேனர் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (திருச்சி): கேஸ் சிலிண்டரில் வாடை வருகிறது…

பதில்: ஜன்னலைத் திறங்கள், சுவிட்சைத் தொடாதீர்கள், வெளியே வந்து 1906 என்ற கேஸ் அவசர எண்ணுக்கு அடியுங்கள். இங்கே எழுதிக்கொண்டிருக்காதீர்கள்.

கேள்வி (சேலம்): சார், இந்தக் குக்கர்…

பதில்: மேலே பாருங்கள்.

கேள்வி (ஈரோடு): மூடிய சாயப்பட்டறை ஒன்றில் பழைய பாய்லர் மலிவாக வருகிறது. நல்ல கண்டிஷன் என்கிறார்கள். வாங்கலாமா, அண்ணே? கூடவே ஒரு தெர்மிக் ஃப்ளூயிட் ஹீட்டரும் தருகிறார்களாம்.

பதில்: ஹீட்டரில் ஆவி இல்லை, எண்ணெய்தான்; பாய்லர் சட்டத்தில் வராது, தொழிலகப் பாதுகாப்புத் துறையில் கேளுங்கள். பாய்லருக்கு, முன்தகட்டில் பதிவு எண் வெட்டியிருக்கும். பெயின்ட்டைச் சுரண்டிப் பாருங்கள். அந்த எண்ணை வைத்துக் கொதிகலன் இயக்கக அலுவலகத்தில் பழைய ஆய்வுக் குறிப்பைக் கேளுங்கள்: எந்த வருஷம் எந்தக் குழாய் மாற்றினார்கள், அழுத்தத்தை எப்போதாவது குறைத்தார்களா என்பது அதில் இருக்கும். அழுத்தம் குறைத்திருந்தால் உங்கள் வேலைக்குப் போதுமா பாருங்கள். சின்ன ரகங்கள் சிலவற்றைத் தவிர, இடம் மாறினாலே பழைய சான்றிதழ் செல்லாது. புதிதாகச் சோதித்து வாங்கும் செலவையும் விலையில் சேர்த்துக்கொள்ளுங்கள். எண்ணே இல்லை என்றால் இரும்பு விலைக்கு மேல் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள்.