ஹிரோஷிமா பேச்சு: 'யொரு', 'தொரு' குழப்பம்

ஜப்பானியத்தின் ஹிரோஷிமா வட்டார வழக்கில் 'ஃபுரியொரு', 'ஃபுத்தொரு' இரண்டும் 'மழை பெய்கிறது'தானே, ஏன் இரண்டு வடிவம் என்று கேட்டிருந்தீர்கள். பொது ஜப்பானியத்தின் 'ஃபுத்தெ இரு' என்ற ஒரே வடிவத்தை வைத்து இரண்டையும் அளப்பதால்தான் இந்தக் குழப்பம். தமிழை வைத்துப் பாருங்கள், சட்டென்று பிடிபடும்: 'ஃபுரியொரு' என்றால் பெய்துகொண்டிருக்கிறது, 'ஃபுத்தொரு' என்றால் பெய்திருக்கிறது, தரை ஈரம். (இளையவர்கள் 'தொரு'வையே இரண்டுக்கும் சொல்வதுண்டு, அப்போது சூழலைப் பார்த்துத்தான் முடிவுசெய்ய வேண்டும்.)

அமைப்பு எளிது. 'மசு' என்ற மரியாதை விகுதியை நீக்கிய வினையடியோடு ('ஃபுரிமசு'வில் 'ஃபுரி') 'யொரு' சேரும். 'தெ'யில் முடியும் வினை வடிவத்தோடு ('ஃபுத்தெ' போல) 'இருத்தல்' என்று பொருள்படும் ஜப்பானிய வினையான 'ஒரு' சேர்ந்து 'தொரு' ஆகும். 'தெ' என்பது 'தெ³' என மெலிந்து ஒலிக்கும் வினைகளில் 'தொரு'வும் மெலியும். 'ஷினியொரு' என்றால் மீன் செத்துக்கொண்டிருக்கிறது, இன்னும் காப்பாற்றலாம். 'ஷிந்தொரு' என்றால் செத்தே போய்விட்டது.

ஒசாகாவில் மட்டும் உஷார்! அங்கே 'யொரு' அடுத்தவரை இளக்காரமாகச் சொல்வது. மேலாளரைப் பற்றிப் பேசும்போது வாயில் வந்துவிடக் கூடாது.