பிர்ச் இலையில் பொட்டலம் மடிக்கும் வண்டு: கேள்வி பதில்

கேள்வி: அக்கா, ஜெர்மனியில் இருக்கிறேன். வீட்டுக்குப் பின்னால் உள்ள பிர்ச் மரத்தில் இலைகள் கடலைப் பொட்டலம் மாதிரி சுருண்டு தொங்குகின்றன. நோயா?

நோயில்லை தம்பி, வண்டு வேலை. காம்பை ஒட்டிய பாதி விரிந்து பச்சையாக இருக்கும், கீழ்ப்பாதி மட்டும் சுருண்டிருக்கும். சரிதானே? டெபோராஸ் பெட்டுலே என்று பெயர். உயிரினங்களுக்குப் பெயர் வைத்த ஸ்வீடன் அறிஞர் லின்னேயஸ் 1758இலேயே பதிவு செய்த வண்டு.

கேள்வி: ஆள் எப்படி இருக்கும்?

கறுப்பு எள்ளுக்குக் காலும் மூக்கும் முளைத்த மாதிரி. 3 முதல் 5 மில்லிமீட்டர்தான். ஆணுக்குப் பின்தொடை நன்றாகப் பருத்திருக்கும்.

கேள்வி: நம்மூர் தென்னையைத் துளைக்கும் சிவப்புக் கூன்வண்டுக்குச் சொந்தமா?

தூரத்துச் சொந்தம். தென்னை வண்டின் உணர்கொம்பு முழங்கை போல மடங்கியிருக்கும். இதற்கு மடிப்பே கிடையாது, நேராக இருக்கும். குடும்பமும் வேறு.

கேள்வி: இத்தனூண்டு பூச்சி எப்படி இவ்வளவு பெரிய இலையைச் சுருட்டுகிறது?

இதைக் கேட்கத்தான் காத்திருந்தேன்! வேலை முழுக்கப் பெண் வண்டுடையது. இலை ஓரத்தில் தொடங்கி, நெளிநெளியாக வளைத்து நடுநரம்பு வரை வெட்டும். நரம்பைத் துண்டிக்காது, லேசாகக் கடித்து வைக்கும். பிறகு மறுபாதியில் இன்னொரு வளைவு, நெளிவு குறைவாக. நரம்பு காயப்பட்டதால் நீரோட்டம் குறைந்து கீழ்ப்பகுதி வாடிவிடும். விறைப்பான இலையை இந்த உடம்பால் மடக்க முடியாது, வாடியதை முடியும். அதுதான் சூட்சுமம்.

அந்த வெட்டின் வளைவு சும்மா வந்ததல்ல. 1846இல் டேபே என்ற ஜெர்மன் மருத்துவர் இந்த வண்டைப் பற்றி எழுதியபோது, ஹைஸ் என்ற கணித ஆசிரியர் அதற்குத் தனியாகக் கணிதப் பகுதியே எழுதிச் சேர்த்தார். வண்டுக்கு யார் டியூஷன் எடுத்தார்களோ!

கேள்வி: உள்ளே என்ன இருக்கிறது?

முட்டைகள். இலைத்தோலுக்கு அடியில் செருகியிருக்கும். புழுவுக்கு வீடும் அதுதான், சோறும் அதுதான். பொட்டலம் உதிர்ந்தபின் புழு மண்ணுக்குள் போய்விடும். அடுத்த வசந்தத்தில் வண்டாக வெளியே வரும்.

கேள்வி: வேறு எங்கெல்லாம், எந்த மரங்களில் பார்க்கலாம்? இங்கிலாந்தில் உண்டா?

உண்டு. ஐரோப்பாவில் பரவலாகவே இருக்கிறது, கிழக்கே சைபீரியா வரை. பிர்ச்தான் பிடித்த மரம். ஆல்டர், ஹேசல், பீச், ஹார்ன்பீம் இலைகளையும் விடாது.

கேள்வி: மருந்து அடிக்கலாமா அக்கா? (முதலில் கேட்டவன்தான்.)

எதுக்குப்பா? நாலு இலை போனால் மரம் கண்டுகொள்ளாது. ஆசையிருந்தால் ஒரே ஒரு பொட்டலத்தை மெதுவாகப் பிரித்து, அந்த வெட்டுக்கோட்டை மட்டும் பாருங்கள். மற்றதெல்லாம் மரத்திலேயே தொங்கட்டும்.