கொழுந்துக் கறையும் கையொப்பமும்

வாசகி கேள்வி: பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கிறேன். பதினாறு வயதான என் மகள் ஹட்டனில் தரம் 11 இல் படிக்கிறாள். கெட்டிக்காரிதான், ஆனால் தன்னம்பிக்கை துளியும் இல்லை. விடை தெரிந்தாலும் வகுப்பில் எழுந்து சொல்லமாட்டாள். எதைக் கேட்டாலும் "எனக்கு ஏலாது" என்பாள். நான் அப்படி இல்லை. கிலோவைக் குறைத்து அரைப்பேர், அதாவது அரை நாள் சம்பளம், போட்டால் கணக்கப்பிள்ளையிடமே வாதாடி முழுப்பேர் வாங்கிவிடுவேன். போன தவணை கணிதத்தில் அவள் 28 புள்ளிகள்தான் எடுத்தாள் என்பது அண்ணி சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஹட்டனில் கடை வைத்திருக்கும் அண்ணனின் மனைவியான அவர்தான் பெற்றோர் கூட்டத்துக்குப் போவார். என் விரலெல்லாம் கொழுந்துக் கறை என்பதால் தேர்ச்சி அறிக்கையில் என் பெயரை மகளே எழுதிக்கொள்வாள். கணவர் கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்கிறார். தன்னம்பிக்கைக் கருத்தரங்கு ஒன்றுக்கு 3,000 ரூபாய் கேட்கிறார்கள். அனுப்பலாமா? அவளுக்குத் தைரியம் வர நான் என்ன சொல்ல வேண்டும்?

பதில்: அனுப்ப வேண்டாம், தங்கச்சி. அந்த 3,000 ரூபாயைப் பத்திரமாக வையுங்கள். அதற்கு வேறு செலவு இருக்கிறது.

பல தோட்டங்களிலிருந்தும் இதே கடிதம் எனக்கு வந்திருக்கிறது. பிள்ளை கெட்டிக்காரி, ஆனால் வாய் திறப்பதில்லை என்று தொடங்கி, அவளுக்கு என்ன சொல்லலாம் என்று முடியும். உங்கள் கடிதத்தில் மட்டும், போகிற போக்கில் நீங்கள் எழுதிவிட்டுப் போன ஒரு வரி என்னைத் தூங்கவிடவில்லை. தேர்ச்சி அறிக்கையில் உங்கள் பெயரை உங்கள் மகள் எழுதுகிறாள். வருடத்துக்கு மூன்று தவணை, மூன்று தடவை, பெற்றோரின் கையொப்பம் என்று அச்சடித்த இடத்தில் ஒரு பதினாறு வயதுப் பிள்ளை தன் தாயாகத் தானே நின்று ஒப்பமிடுகிறாள். அதைக் குற்றமாக நீங்கள் எண்ணவில்லை. வீட்டில் தண்ணீர் பிடித்து வைப்பதைப் போன்ற ஓர் ஒத்தாசையாக எழுதியிருக்கிறீர்கள்.

கறை என்று காரணம் சொல்கிறீர்கள். கொழுந்தின் சாறு காற்றுப் பட்டுக் கறுப்பதால் விரலில் தங்குவது அது. தொழிற்சாலையில் பச்சைக் கொழுந்து நிறம் மாறித் தேயிலையாவதும் அதே மாற்றத்தால்தான். ஒன்றை உலகம் விலை கொடுத்து வாங்கிக் குடிக்கிறது, மற்றதை நீங்கள் முந்தானைக்குள் மறைக்கிறீர்கள். வாக்களித்த அன்று விரலில் பூசிய மையை இப்படி மறைத்தீர்களா? 1948 ஆம் ஆண்டின் இலங்கைப் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நம் தாத்தா பாட்டிமார் நாடற்றவர்களானார்கள். அந்தச் சட்டத்தின் எச்சம் தீர 2003 வரை ஆயிற்று. தன் பெயரைத் தானே எழுதி ஒப்பமிட ஒரு தாள் கிடைக்காதா என்று அலுவலக வாசல்களில் காத்துக் கிடந்தவர்களின் பேத்தியான நீங்கள், மகள் கையில் கொண்டுவந்து நீட்டிய தாளை "நீயே எழுதிக்கொள்" என்று திருப்பிக் கொடுத்திருக்கிறீர்கள்.

எழுதத் தெரியாதவர் என்றால் நான் இவ்வளவு கடுமையாகப் பேசமாட்டேன். எனக்கு நான்கு பக்கம் உங்கள் கையாலேயே எழுதி அனுப்பியிருக்கிறீர்கள். அதில் ஓரிடத்தில்கூட எழுத்துப் பிழை இல்லை, தாளில் கறையும் இல்லை. ஆகவே உங்களைத் தடுப்பது கறை அன்று, வெட்கம். நிறுவைத் தராசுக்குப் பக்கத்தில் நின்று அரைப்பேரை ஒத்துக்கொள்ளாத பெண், பாடசாலை வாசலில் தன் முழுப்பேரையும் அண்ணியிடம் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டதை என்னால் சகிக்க முடியவில்லை.

இந்த வெட்கம் எங்கிருந்து வந்தது என்பது எனக்குத் தெரியாததன்று. நாட்டில் இலவசக் கல்வி 1945 இல் வந்தும், தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்கத் தொடங்கியது 1970களில்தான். அதுவரை ஓர் அறையும் ஒரு வாத்தியாருமாக இருந்த பள்ளிக்கூடங்களில் படித்தவர்களின் பிள்ளைகளுக்கு நகரத்துப் பாடசாலையின் அலுவலக மேசை, துரை பங்களாவின் வாசற்படியைப் போலத்தான் தெரியும். அந்தப் பயத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அதை மகளின் புத்தகப் பைக்குள் வைத்து அனுப்ப உங்களுக்கு உரிமை இல்லை.

அல்பர்ட் பண்டூரா என்ற உளவியலாளர் 1977 இல் வெளியிட்ட ஒரு கட்டுரையில், தன்னால் ஒரு காரியம் முடியும் என்ற எண்ணம் மனிதருக்கு நான்கு வழிகளில் வருகிறது என்று எழுதினார். தானே செய்து முடித்துப் பார்ப்பது அவற்றுள் வலுவானது. தன்னைப் போன்ற ஒருவர் செய்வதைக் கண்ணால் காண்பது அடுத்தது. பிறர் சொல்லும் ஊக்க வார்த்தை அதற்குப் பிறகுதான். செய்யும் நேரத்தில் உடல் நடுங்குகிறதா, நிதானமாக இருக்கிறதா என்பது நான்காவது. கருத்தரங்கில் அந்த மூன்றாவதைத்தான் விற்கிறார்கள். நீங்கள் என்னிடம் கேட்பதும் அதையேதான். இரண்டாவது வழியில் அவளுக்கு என்ன கிடைத்திருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். "என்னைப் போன்ற ஒருத்தி" என்று அவள் முதலில் பார்த்தது உங்களை. பெற்றோர் கூட்டம் என்றதும் அந்த ஒருத்தி பின்வாங்குவதைத் தவணை தவறாமல் பார்த்து வளர்ந்தவள், வகுப்பில் விடை தெரிந்தும் எழுந்து நிற்காததில் என்ன அதிசயம்? அவள் சொல்லும் "ஏலாது" உங்கள் வீட்டில் ஏற்கெனவே இருந்த சொல்.

அண்ணியைக் குறை சொல்ல மாட்டேன். கேட்டதற்கு உதவியிருக்கிறார், அத்தை என்ற உறவு பெரிய உறவு. இருந்தாலும் அத்தை அத்தைதான். உங்கள் பிள்ளை கணிதத்தில் 28 எடுத்த செய்தி ஹட்டனுக்குப் போய், கடையில் பேசப்பட்டு, பிறகு உங்கள் லயத்து வீட்டுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. ஒரே கூரையின் கீழ் தூங்கும் இருவருக்கிடையே இவ்வளவு தூரம் இருக்கக் கூடாது. கணவரைப் பற்றி ஒரு வரிதான் எழுதியிருக்கிறீர்கள், நானும் ஒரு வரியோடு நிறுத்துகிறேன்: தீபாவளிக்கு உடுப்போடு வரும் தகப்பன், வாரத்துக்கு ஒருமுறை தொலைபேசியில் பிள்ளையின் கணிதத்தைப் பற்றிக் கேட்காவிட்டால் அவர் கடமை தீர்ந்ததாகாது.

மகளுக்கும் ஒரு பங்கு உண்டு. 28 ஐ மறைக்க உங்கள் வெட்கம் அவளுக்கு வசதியாக இருந்திருக்கிறது. பேனா தன் கையில் இருக்கும்வரை அந்தத் தாளை யாரும் பார்க்கப் போவதில்லை என்பது அவளுக்குத் தெரியும். அதற்காக அடிக்காதீர்கள், ஏசாதீர்கள். பழைய அறிக்கைகள் எல்லாவற்றையும் எடுத்துவரச் சொல்லி, பாடம் பாடமாக வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். இனி அவள் உங்கள் பெயரை எழுதக் கூடாது என்பதையும் அன்றே சொல்லிவிடுங்கள்.

சாதாரண தரப் பரீட்சைக்குக் கடந்தகால வினாத்தாள்கள் கடையில் கிடைக்கும். அந்த 3,000 ரூபாயில் கணிதத்துக்கு அவற்றை வாங்குங்கள். இரவுக்கு ஒரு கணக்கு போதும். சுலபமானதிலிருந்து தொடங்கட்டும், செய்து முடித்ததை உங்களுக்கு வாய்விட்டு விளக்கட்டும். உங்களுக்கு அந்தக் கணக்கு விளங்க வேண்டுமென்பதில்லை, விளங்காத இடத்தில் "ஏன்?" என்று கேட்டால் போதும். கிலோக் கணக்கில் கணக்கப்பிள்ளையை மடக்கத் தெரிந்த உங்களுக்கு அந்தக் கேள்வியைக் கேட்க நான் சொல்லித் தர வேண்டியதில்லை. அவளும், தெரிந்த ஒன்றை இன்னொருவர் முன்னால் சொல்லி முடிப்பதை முதலில் அடுப்படியில் பழகிக்கொள்வாள்.

மிச்சப் பணம் அடுத்த பெற்றோர் கூட்டத்துக்கு. அன்று வேலைக்குப் போகாவிட்டால் ஒரு நாள் பேர் போய்விடும் என்பது எனக்குத் தெரியும்; போகட்டும். இருவரும் ஒரே பஸ்ஸில் ஹட்டனுக்குப் போங்கள். கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவ வேண்டாம். வகுப்பாசிரியர் அறிக்கையை நீட்டும்போது பேனாவைக் கேட்டு வாங்கி, முழுப் பெயரையும் எழுதுங்கள். இத்தனை நாளும் அத்தையைப் பார்த்துப் பழகிய ஆசிரியர், இவர் யார் என்று நிச்சயமாகக் கேட்பார். நீங்கள் முந்திக்கொண்டு பதில் சொல்லாதீர்கள். மகள் வாய் திறக்கும்வரை எவ்வளவு நேரமானாலும் நில்லுங்கள்.