ஏரி நீரின் தன்மையையோ கடல் நீரின் தன்மையையோ அளக்க ஒரு ரோபோ சுற்றி வந்தால் போதாதா? வயர்லெஸ்ஸில் இணைந்த பல ரோபோக்கள் எதற்கு?

போதாது. இது எனக்குப் பாடத்தில் படித்துத் தெரிந்ததல்ல. இறுதியாண்டு ப்ராஜெக்ட்டில் அசடு வழிந்து தெரிந்துகொண்டது.

கல்லூரிக்குப் பின்னால் ஒரு ஏரி. தெர்மாகோலில் படகு செய்து, நீரில் கரைந்துள்ள ஆக்சிஜனை அளக்கும் சென்சாரைத் தொங்கவிட்டு, ஒரு ரேடியோ மாட்யூலையும் ஒட்டி அனுப்பினோம். காலை ஏழு மணிக்கு மேற்குக் கரையில் கிளம்பிய படகு, ப்ரொப்பெல்லரில் ஆகாயத்தாமரை வேர் சுற்றிச் சுற்றி நின்று, பத்தரைக்குத்தான் கிழக்குக் கரை சேர்ந்தது. கிராஃப் அழகாக ஏறியிருந்தது: மேற்கே ஆக்சிஜன் குறைவு, கிழக்கே அதிகம். சாக்கடை கலப்பதும் மேற்கில்தான். பிறகென்ன, ரிப்போர்ட் எழுதிவிட்டோம்.

அங்கே வலை போடும் அண்ணன் ஒருவர் கிராஃபைப் பார்த்துச் சிரித்தார். "தம்பி, விடியறதுக்கு முன்னாடி வந்து பாரு. கிழக்குக் கரையிலயும் மீனு மேல வந்து வாயைப் பொளக்கும். வெயில் ஏறினா அடங்கிடும்."

அவர் சொன்னதுதான் சரி. இரவில் பாசியும் செடியும் மீனும் எல்லாமே ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும், உற்பத்தி கிடையாது. அதனால் சூரியன் உதிக்கும் முன்தான் அளவு அடிமட்டத்தில் இருக்கும். வெயில் விழுந்ததும் பாசி வேலையைத் தொடங்கும், அளவு ஏறும். எங்கள் படகு இடத்தை அளக்கவில்லை, மணியை அளந்திருக்கிறது. நகரும் சென்சார் ஒன்றே ஒன்றாக இருந்தால் இதுதான் சிக்கல்: மாறியது இடத்தாலா, நேரத்தாலா என்று அதற்குச் சொல்லத் தெரியாது.

கடலிலும் இதே கதைதான், அளவு மட்டும் பெரிது. கடலடிக் கிளைடர் என்று ஒன்று உண்டு. ப்ரொப்பெல்லர் இல்லாமல், தன் மிதப்பைக் கூட்டிக் குறைத்தே முங்கி எழும். இறக்கைகள் அந்த ஏற்ற இறக்கத்தை முன்னோக்கிய ஓட்டமாக மாற்றும். கரண்ட் செலவு மிகக் குறைவு, அதனால் மாதக்கணக்கில் ஓடும். ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தின் கிளைடர் ஒன்று 2009-இல் அமெரிக்கக் கரையிலிருந்து ஸ்பெயின் வரை 221 நாளில் அட்லாண்டிக்கைக் கடந்தது. ஆனால் வேகம் மணிக்குச் சுமார் ஒரு கிலோமீட்டர்தான், நாம் பொடிநடையாகவே முந்திவிடலாம். அது ஒரு வளைகுடாவின் ஒரு முனையிலிருந்து மறுமுனை போவதற்குள் காற்று திரும்பி, அடியிலிருந்து குளிர்ந்த நீர் மேலே வந்து, கடலே வேறாகியிருக்கும்.

அதற்காகச் சும்மா பத்து கிளைடர்களை இறக்கிவிட்டாலும் ஆகாது. நீரோட்டம் அவற்றை ஒரே பக்கமாகத் தள்ளிச் சேர்த்துவிடும். பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு சென்சார்கள் ஒரே சேதியைத்தான் இரண்டு தடவை சொல்லும். 2006-இல் கலிஃபோர்னியாவின் மான்டரே வளைகுடாவில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் நவோமி லியோனார்ட் குழுவினர் மற்ற நிறுவனங்களோடு சேர்ந்து செய்த சோதனையின் உயிர்நாடி இதுதான். கிளைடர்கள் தங்களுக்குள் சரியான இடைவெளியைக் காத்து ஓட வேண்டும். நீரோட்டம் குலைத்தால், கணினி புதிய வழியைக் கணக்குப் போட்டு அனுப்பும்.

வயர்லெஸ் தேவைப்படுவது இங்கேதான். ஆனால் செல்ஃபோன் மாதிரி எந்நேரமும் பேசிக்கொண்டிருக்கும் என்று நினைக்காதீர்கள். வைஃபை அலை தண்ணீருக்குள் ஒரு முழம்கூடத் தாண்டாது. ஒலி வெகுதூரம் போகும், ஆனால் நொடிக்கு 1,500 மீட்டர்தான். தகவலும் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். எனவே கிளைடர் சில மணி நேரத்துக்கு ஒருமுறை மேலே வந்து, சாட்டிலைட் வழியாகக் கரையிலிருக்கும் கணினிக்குச் சொல்லிவிட்டு, அடுத்த உத்தரவை வாங்கிக்கொண்டு மறுபடி முங்கும். ஒன்றோடொன்று நேரடியாகப் பேசாமலே கூட்டமாக வேலை செய்யும்.

ஆர்கோ என்று தானாகவே கடலை அளக்கும் மிதவைகள் உண்டு, அவை இன்னும் உம்மணாமூஞ்சிகள். உலகக் கடல்களில் ஏறத்தாழ 4,000 மிதக்கின்றன. நம் வங்காள விரிகுடாவிலும் உண்டு. 1,000 மீட்டர் ஆழத்தில் நீரோட்டத்தோடு போய், பத்து நாளுக்கு ஒருமுறை 2,000 மீட்டருக்கு இறங்கி, வெப்பத்தையும் உப்பையும் அளந்தபடி மேலேறி, சாட்டிலைட்டுக்கு அனுப்பும். இந்திய மிதவைகளின் தரவு ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற கடல் தகவல் நிறுவனத்துக்கு வருகிறது. இவற்றை ஓட்ட முடியாது, இடைவெளியைச் சரிசெய்யவும் வழியில்லை. எண்ணிக்கையை வைத்தே சமாளிக்கிறார்கள்.

எங்கள் ஏரிக்கு வருகிறேன். அடுத்த முறை மூன்று படகுகள். ஆன்டெனா தண்ணீருக்கு ஒரு சாண் மேலே இருந்ததால் நூறடியிலேயே சிக்னல் போனது. நேராக வரும் அலையும் நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்பும் அலையும் ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன. மூங்கில் குச்சி நட்டு உயர்த்தினோம். ஒரு படகு கவிழ்ந்தது, அடியில் செங்கல் துண்டு கட்டினோம். இரண்டை எதிரெதிர்க் கரையிலிருந்து கிளப்பிவிட்டு, மூன்றாவதை நடு ஏரியில் கல் போட்டுக் கட்டிவைத்தோம்.

கட்டிவைத்த படகின் கோடு, முதல் முறை போன படகின் கோட்டைப் போலவே ஏழிலிருந்து பத்தரை வரை ஏறிக்கொண்டே போனது. நகர்ந்த படகுகளின் அளவிலிருந்து அதைக் கழித்துப் பார்த்தபோது கிழக்கு, மேற்கு வித்தியாசம் பெரும்பாலும் காணாமல் போய்விட்டது. சாக்கடை வாய்க்குப் பக்கத்தில் மட்டும் கிராஃபில் ஒரு சின்னப் பள்ளம் மிஞ்சியது.