கடைசி ஐந்து மில்லிகிராம்

மனநலம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: மனச்சோர்வுக்கு எஸ்சிட்டலோபிராம் 10 மி.கி. மாத்திரையை இரண்டு வருஷமாகச் சாப்பிட்டுவந்தேன். மனசு நன்றாகிவிட்டதே என்று, கடைசி அட்டை தீர்ந்ததும் வாங்காமல் விட்டுவிட்டேன். நான்காம் நாளிலிருந்து தலை கிறுகிறுக்கிறது. கண்ணைத் திருப்பினால் மண்டைக்குள் சுரீரென்று கரண்ட் அடிக்கிறது. கெட்ட கனவு, காரணமில்லாத அழுகை. பழைய நோய் திரும்பிவிட்டது என்கிறார் மாமியார். மாத்திரைக்கு அடிமையாகிவிட்டாய் என்கிறார் கணவர். யார் சொல்வது சரி?
— வாசகி, திருப்பூர்

இருவர் சொல்வதும் சரியில்லை. நோய் திரும்புவதானால் பெரும்பாலும் சில வாரங்களோ மாதங்களோ கழித்து, மெல்ல மெல்லத்தான் வரும். மண்டைக்குள் கரண்ட் அடிப்பது மனச்சோர்வின் அறிகுறியும் அல்ல. மாத்திரையைச் சட்டென்று நிறுத்தியதால் வருவது அது. கண்ணைப் பக்கவாட்டில் திருப்பும்போது வருகிறது என்றுதான் பலரும் சொல்வார்கள். பயமுறுத்துமே தவிர, வலிப்பு இல்லை.

அடிமைப் பேச்சுக்கும் இடமில்லை. குடிக்கு அடிமையானவர் அளவைக் கூட்டிக்கொண்டே போவார், கிடைக்காவிட்டால் தேடி அலைவார். நீங்களோ கடைப் பக்கமே போகவில்லை! உடம்பு மருந்துக்குப் பழகியிருக்கிறது, அவ்வளவுதான். நரம்பு செல்கள் தாங்கள் வெளியிட்ட செரட்டோனினைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். இந்த மாத்திரை அந்த உறிஞ்சும் வாயை அடைத்துவைக்கிறது. இரண்டு வருஷத்தில் மூளை அதற்கேற்பத் தன்னை மாற்றிக்கொண்டிருக்கும். மருந்து உடம்பைவிட்டு வெளியேற ஏறக்குறைய ஒரு வாரம் போதும். மூளை பழைய நிலைக்கு வர அது போதாது. இடைப்பட்ட காலத்து அவஸ்தைதான் இப்போது நீங்கள் படுவது.

உடனே உங்கள் மருத்துவரைப் பாருங்கள். நிறுத்திச் சில நாள்தான் ஆகியிருந்தால், பழைய அளவையே மறுபடி தொடங்கச் சொல்வது வழக்கம். இரண்டு மூன்று நாளில் கிறுகிறுப்பும் ஷாக்கும் அடங்கும். அப்படி அடங்கினால் மாமியாருக்கும் பதில் கிடைத்துவிடும்: நோயாக இருந்தால் மாத்திரை வேலை செய்ய வாரக்கணக்கில் ஆகியிருக்கும்.

பிறகு முறையாகக் குறைக்கலாம். பலரும் சறுக்குவது கடைசிப் படியில்தான். அதற்கான காரணத்தை 2019-இல் மார்க் ஹாரோவிட்ஸ், டேவிட் டெய்லர் என்ற இரு ஆய்வாளர்கள் தெளிவாக விளக்கினார்கள். எஸ்சிட்டலோபிராமின் தாய் மருந்தான சிட்டலோபிராமை எடுத்துக்கொள்வோம். 20 மி.கி. சாப்பிட்டால் உறிஞ்சும் வாய்களில் சுமார் 80 சதவீதம் அடைபடும். பாதியாக்கி 10-க்கு வந்தாலும் 70-ஐ ஒட்டியே நிற்கும். 5-க்கு வந்தாலும் 60-க்குப் பக்கம். ஆக, 20-லிருந்து 5 வரை இறங்கியதில் மூளையில் அடைப்பு குறைந்திருப்பது இருபது சதவீதம்தான். அந்த ஐந்திலிருந்து பூஜ்யத்துக்குக் குதித்தால் ஒரே அடியில் அறுபது போய்விடும். "சின்ன டோஸ்தானே, விட்டுவிடலாம்" என்பது கணக்கே தெரியாத பேச்சு.

மேலே சொன்ன மி.கி. அளவுகளைப் பாதியாக்கினால் இதே கணக்கு உங்கள் மாத்திரைக்கும் ஏறக்குறையப் பொருந்தும். மருத்துவரிடம் பேச ஒரு மாதிரித் திட்டம்: 10-லிருந்து 7.5 (ஒரு 5 மி.கி. மாத்திரையும் இன்னொன்றில் பாதியும்), பிறகு 5, பிறகு 2.5, பிறகு 1.25 (5 மி.கி. மாத்திரையில் கால்). ஒவ்வொரு படியிலும் இரண்டு முதல் நான்கு வாரம். அரிவாள்மனையில் வெட்டாதீர்கள், தூளாகிவிடும். மாத்திரை வெட்டும் சின்ன டப்பா மருந்துக் கடையிலேயே கிடைக்கும்.

1.25-லிருந்து நிறுத்தும்போதும் ஷாக் அடித்தால், சில மருத்துவர்கள் கரைத்துக் குடிக்கச் சொல்வார்கள். 5 மி.கி. சாதாரண மாத்திரை ஒன்றை 10 மி.லி. தண்ணீரில் போட்டால் சில நிமிஷத்தில் உடைந்து கலங்கும். நன்றாகக் குலுக்கியதும் ஊசி இல்லாத சிரிஞ்சில் 2 மி.லி. எடுத்தால் 1 மி.கி., 1 மி.லி. எடுத்தால் அரை மி.கி. குலுக்காமல் எடுத்தால் மருந்து அடியில் தங்கி, ஒருநாள் கூடும், ஒருநாள் குறையும். மிச்சத்தை நாளைக்கு என்று வைக்காமல் கொட்டிவிடுங்கள்.

குணமாகிக் குறைந்தது ஆறு மாதமாவது ஆன பிறகே குறைக்கத் தொடங்க வேண்டும். முன்பு பலமுறை மனச்சோர்வு வந்தவர்களுக்கு இரண்டு வருஷம்கூடத் தொடரச் சொல்வார்கள்.

கேள்வி: எஸ்சிட்டலோபிராமை ஒரு நாள் விட்டு ஒரு நாள் சாப்பிட்டால் அளவு தானாகக் குறைந்துவிடும் என்கிறார் மருந்துக் கடைக்காரர். செய்யலாமா?
— வாசகர், நாகர்கோவில்

வேண்டாம். எஸ்சிட்டலோபிராம் சுமார் 30 மணி நேரத்தில் ரத்தத்தில் பாதியாகிவிடும். 48 மணி நேர இடைவெளி விட்டால் மூன்றில் ஒரு பங்குக்கு இறங்கி, மறுநாள் ஏறி, மறுபடி இறங்கும். இது குறைப்பதில்லை, தினமும் ஊஞ்சலாட்டுவது. தினசரி அளவைத்தான் குறைக்க வேண்டும். இதே வகை மாத்திரைகளில் ஃப்ளூயோக்செட்டின் மட்டும் விதிவிலக்கு. அதுவும் அதிலிருந்து உண்டாகும் பொருளும் நாள்கணக்கில், வாரக்கணக்கில் உடம்பில் தங்குவதால் தானே மெல்ல இறங்கும். ஆனாலும் அதன் தொந்தரவு தாமதமாக, சில வாரம் கழித்தும் வரலாம் என்பதை மறக்க வேண்டாம்.

கேள்வி: என் மாத்திரையின் பெயருக்குப் பின்னால் "பிளஸ்" என்று போட்டிருக்கிறது. அதையும் இப்படியே குறைக்கலாமா?
— வாசகி, மதுரை

நல்லவேளை கேட்டீர்கள். அட்டையைத் திருப்பிப் பின்பக்கத்துச் சின்ன எழுத்தைப் படியுங்கள். "எஸ்சிட்டலோபிராம் 10 மி.கி., குளோனாசெபாம் 0.5 மி.கி." என்ற மாதிரி இரண்டு மருந்து இருக்கும். எடிசோலாம் சேர்ந்த மாத்திரைகளும் உண்டு. இரண்டாவது மருந்து தூக்கத்துக்கும் பதற்றத்துக்குமானது. மாதக்கணக்கில் சாப்பிட்டு ஒரே நாளில் விட்டால் தூக்கமே வராமல், கை நடுங்கி, சிலருக்கு வலிப்புவரை போகும். மேலே சொன்ன கிறுகிறுப்பைப் போல இதைப் பொறுத்துக்கொண்டு இருந்துவிட முடியாது.

பாதியாக வெட்டினால் இரண்டும் சேர்ந்தே பாதியாகும். எதனால் தொந்தரவு என்று மருத்துவருக்கே குழப்பமாகிவிடும். முதலில் இரண்டையும் தனித்தனி மாத்திரையாக எழுதித் தரச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் குறைக்க வேண்டும். எதை முதலில் என்பதை அவரே முடிவு செய்வார்.

கேள்வி: மனச்சோர்வுக்கு வென்லாஃபாக்சின் 75 மி.கி. கேப்சூல் சாப்பிடுகிறேன். காலையில் மறந்தால் சாயங்காலமே தலை சுற்றுகிறது. கேப்சூலைத் திறந்து பாதி கொட்டிவிடலாமா?
— வாசகர், திருச்சி

சாயங்காலமே சுற்றுவதில் ஆச்சரியமில்லை. வென்லாஃபாக்சின் ஐந்து மணி நேரத்திலும், உடம்பில் அது மாறி உண்டாகும் பொருள் பதினொரு மணி நேரத்திலும் பாதியாகிவிடும். பாரோக்செட்டின் என்ற மனச்சோர்வு மாத்திரையும் நிறுத்தும்போது படுத்தும் ரகம்தான்.

75-க்கு அடுத்த படி 37.5, அது கடையில் கிடைக்கும். அதற்குக் கீழேதான் சிக்கல். கேப்சூலுக்குள் சில கம்பெனிகள் சின்னச் சின்ன மணிகளும், சில கம்பெனிகள் குட்டி மாத்திரைகளும் வைத்திருக்கும். மணியாக இருந்தால் எண்ணி எடுத்து, ஒவ்வொரு படியிலும் சிலவற்றைக் கழிக்கும் முறை உண்டு. மருத்துவர் ஒப்புக்கொண்டு எண்ணிக்கை சொன்னால் மட்டும் செய்யுங்கள். குத்துமதிப்பாகக் கொட்டினால் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு டோஸ். மணியை நசுக்கவோ மெல்லவோ கூடாது. மெல்ல மெல்ல வெளியாக வேண்டிய மருந்து மொத்தமாக வந்துவிடும். டுலோக்செட்டின் என்ற இன்னொரு மனச்சோர்வு மருந்தின் மணியை நசுக்கினால் வேறு கெடுதல்: வயிற்று அமிலம் மருந்தையே அழித்துவிடும்.

சிலருக்கு மருத்துவர்கள் ஃப்ளூயோக்செட்டினுக்கு மாற்றி, அதன்வழியாக இறக்குவார்கள். இதை வீட்டில் முயன்று பார்க்கக் கூடாது. இரண்டும் தப்பான அளவில் சேர்ந்தால் செரட்டோனின் மிகுந்து காய்ச்சல், நடுக்கம், படபடப்பு என்று ஆஸ்பத்திரியில் படுக்க நேரும்.

கேள்வி: மனைவி மருத்துவர் சொன்னபடி மாத்திரையைக் குறைத்துவருகிறாள். சின்ன விஷயத்துக்கெல்லாம் எரிந்து விழுகிறாள். வீட்டில் நாங்கள் என்ன செய்ய?
— வாசகர், கடலூர்

ஒரு பழைய நோட்டு எடுங்கள். தேதி, அன்றைய மி.கி., தூக்கம் எத்தனை மணி நேரம், கிறுகிறுப்பு, எரிச்சல், அழுகை ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு எத்தனை. தினமும் இரண்டு நிமிஷ வேலை. அளவைக் குறைத்த சில நாளில் எண்கள் ஏறி, பிறகு தானாக இறங்கினால் அது மருந்து குறைந்ததன் விளைவு. இறங்கும்வரை அடுத்த படிக்குப் போகாதீர்கள். தாங்க முடியாவிட்டால் மருத்துவரிடம் சொல்லி முந்தைய அளவுக்கே திரும்பலாம். அதில் தோல்வி ஒன்றுமில்லை. எண்கள் முதலில் அமைதியாக இருந்து, ஒன்றிரண்டு மாதம் கழித்து மெல்ல மெல்ல ஏறினால், கூடவே எதிலும் நாட்டமில்லாமல் போனால், நோய் திரும்புகிறதா என்று பார்க்க வேண்டும். அதற்கும் வாய்ப்பு இல்லாமல் இல்லை. நீண்டகாலம் மாத்திரை சாப்பிட்டு நன்றாக இருந்தவர்களைக் கொண்டு பிரிட்டனில் நடந்து 2021-இல் வெளிவந்த ஆய்வில், ஒரு வருஷத்துக்குள் மறுபடி மனச்சோர்வு வந்தது நிறுத்தியவர்களில் 56 சதவீதத்தினருக்கு, தொடர்ந்தவர்களில் 39 சதவீதத்தினருக்கு.

கிறுகிறுப்பு உள்ள நாளில் ஸ்கூட்டர் ஓட்ட விடாதீர்கள். பிள்ளையின் பொதுத்தேர்வு, வீடு மாறுதல், கல்யாண வேலை இருக்கும் மாதத்தில் அளவைக் குறைக்க வேண்டாம். "மாத்திரை விட்டதிலிருந்து இப்படி ஆகிவிட்டாய்" என்று குத்திக்காட்டவும் வேண்டாம், அவருக்கே அது தெரியும். சாகலாம் போலிருக்கிறது என்று ஒரு வார்த்தை வாயில் வந்தாலும், இரண்டு மூன்று நாள் தூங்காமல் அளவுக்கு மீறிப் பேசி அலைந்தாலும், அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காதீர்கள். அன்றே மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். அதுவரை தனியாக விடாதீர்கள், வீட்டிலுள்ள மாத்திரைகளை எடுத்துப் பூட்டிவையுங்கள். நடு ராத்திரியானாலும் அரசின் டெலி-மானஸ் மனநல உதவி எண்ணான 14416-இல் தமிழிலேயே பேசலாம், கட்டணமில்லை. பேசும்போது அந்த நோட்டைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். எந்த மாத்திரை, கடைசியாக எப்போது, எவ்வளவு குறைத்தீர்கள் என்பதைக் கட்டாயம் கேட்பார்கள்.