வரப்புத் தேக்கில் வைரம் எவ்வளவு?

கேள்வி: கோபிசெட்டிபாளையம் பக்கம், கீழ்பவானிப் பாசனத்தில், வரப்போரமாக நட்ட 40 தேக்கு மரங்களுக்கு 18 வயதாகிறது. வியாபாரி ஒருவர், "தண்ணீர் பாய்ந்து சட்டென்று பருத்த மரம், உறுதி இருக்காது" என்று சொல்லி, மொத்தத்துக்கும் குத்துவிலை பேசுகிறார். கொடுத்துவிடலாமா ஐயா? தையில் புதுவீட்டுக்கு நிலை வைக்க நான்கு மரங்களை நிறுத்திக்கொள்ளலாமா?

பதில்: வியாபாரி சொல்வது பாதி உண்மை. வேகமாக வளர்ந்தது என்பதாலேயே தேக்கு வலுவிழப்பதில்லை. இளமரத்தில் குறைவது வைரத்தின், அதாவது நடுவில் முதிர்ந்த கட்டையின், பங்குதான். கரையானும் பூஞ்சையும் எளிதில் அண்டாத குணம் பொன்பழுப்பு வைரத்துக்கே உரியது. அதைச் சுற்றியுள்ள வெளிறு, தேக்கேயானாலும், வண்டு துளைத்து மாவாகும். ஆகவே ஒரு மரத்தை மட்டும் வெட்டி, அடிமுகத்தில் வைரம் எத்தனை அங்குலம் என்று அளந்த பிறகே விலை பேசுங்கள்.

குத்துவிலைக்குக் கொடுக்கவே வேண்டாம். நடுச்சுற்றளவை நான்கால் வகுத்து, அதை அதனாலேயே பெருக்கி, நீளத்தாலும் பெருக்கிக் கன அடி காண்பது வழக்கமான கணக்கு. அதன்படி 3 அடிச் சுற்றும் 10 அடி நீளமும் உள்ள கட்டை சுமார் 5.6 கன அடி, மெய்யான கன அளவோ சுமார் 7.2. அறுப்புச் சேதம் அதிலேயே கழிந்துவிட்ட பிறகும், கோணல், வெளிறு என்று மறுபடி கழிப்பவர் உங்கள் மரத்தை இருமுறை அறுக்கிறார்.

நீங்கள் கேட்காத கேள்விதான் எனக்கு முக்கியம்: மரம் காய்ந்ததா? தையில் நிலை வைக்க இப்போது வெட்டும் பச்சை மரம் உதவாது. தேக்கு சுருங்குவது குறைவு என்றாலும், ஈரத்தோடு அறுத்துச் சுவரில் பதித்த நிலை, காயக் காயப் பொருத்து விட்டுக் கதவைக் கவ்வும். தேய்பிறையில் வெட்டினோம் என்பது இதற்குப் பரிகாரமாகாது. வெட்டியதும் முனைகளில் பெயின்ட் பூசி, விரைவில் அறுத்து, பலகைகளுக்கிடையே ஒரே கனமுள்ள ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) கொடுத்து, தரைக்கு ஓரடி உயரத்தில், காற்றோடும் நிழற்கொட்டகையில் ஓராண்டேனும் அடுக்கிவையுங்கள். வெயிலில் போட்டு ஒரே மாதத்தில் காய வைப்பதாகச் சொல்பவர் வெடிப்பைத்தான் விற்கிறார். வெளிறுக்குச் சாயம் பூசி வைரமென்று தள்ளும் கடைகளும் உண்டு, இழைத்துக் காட்டச் சொன்னால் வண்டவாளம் தெரிந்துவிடும்.

தை நிலைக்குப் பழைய வீடு பிரித்த மரத்தை வாங்கிக்கொண்டு, உங்கள் நான்கு மரங்களைக் கதவுக்கும் அலமாரிக்கும் காய வையுங்கள். தேக்கின் மணற்சத்து உளியை விரைவில் மழுக்கும் என்பது தச்சருக்குத் தெரியும். பசை ஒட்டுமுன் பொருத்துமுகத்தின் எண்ணெய்ப் பசையைத் தின்னரால் துடைக்கும்படி மட்டும் நீங்கள் அருகிருந்து சொல்ல வேண்டும்.