கல்யாணப் பணம் சந்தையில் இருக்கலாமா?

கேள்வி: செவ்வாய்ப்பேட்டையில் என் கணவர் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறார். மகன் சொல்லி பங்குச் சந்தை மியூச்சுவல் ஃபண்டில் போட்ட 6 லட்சம், இப்போது 5 லட்சத்து 10 ஆயிரம் என்று காட்டுகிறது. வைகாசியில் மகள் கல்யாணம், அதற்கு 3 லட்சம் வேண்டும். எல்லாவற்றையும் எடுத்து, அதிக வட்டி தரும் பக்கத்துத் தெரு சொசைட்டியில் போட்டுவிடலாமா?
- வாசகி, சேலம்

பதில்: கல்யாணத்துக்கான 3 லட்சத்தை இந்த வாரமே எடுத்துவிடுங்கள், அம்மா. நஷ்டத்தில் எடுக்க மனசு வராதுதான். ஆனால் தேதி குறித்த பணம் சந்தையில் இருக்கவே கூடாது. 2008 ஜனவரியில் 21,000 புள்ளிகளைத் தொட்ட சென்செக்ஸ் (மும்பைப் பங்குச் சந்தையின் ஏற்ற இறக்கத்தைக் காட்டும் குறியீடு), அக்டோபரில் 8,500-க்கும் கீழே போனது. பழைய உயரத்துக்குத் திரும்ப 2010 கடைசி ஆகிவிட்டது. 2020 மார்ச்சில் கொரோனாவால் விழுந்த சந்தையோ அந்த வருஷமே மீண்டது. இப்போதைய சரிவு இதில் எந்த வகை என்று யாராலும் சொல்ல முடியாது. முகூர்த்தம் அதுவரை காத்திருக்காது.

மீதி 2 லட்சத்துச் சொச்சம் அடுத்த ஏழெட்டு வருஷத்துக்குத் தேவைப்படாது என்றால் எடுக்காதீர்கள். வெள்ளி விலை இறங்கினால் பட்டறையில் இருக்கும் வெள்ளியின் எடை குறைவதில்லை அல்லவா? ஃபண்டில் உங்கள் பணத்துக்குக் கணக்கில் வைத்திருக்கும் யூனிட்களும் (உங்கள் பங்கின் அளவு) அப்படித்தான், விலை இறங்கினாலும் எண்ணிக்கை குறையாது. வெளிநாட்டு முதலீட்டாளர்கள் பணத்தைத் திரும்ப எடுத்தால், போர் மூண்டால், விற்க வருபவர்கள் கூடி விலை இறங்கும். ஒன்று மட்டும் மகனிடம் கேளுங்கள்: பல துறைகளில் போடும் ஃபண்டா, ஒரே துறையில் போடுவதா? ஒரே துறை என்றால் மீளும் என்று நம்பி உட்கார்ந்திருக்க முடியாது.

அடுத்து அந்த சொசைட்டி. இதுதான் எனக்கு அதிகக் கவலை. வங்கியில் ஒருவர் போடும் பணத்துக்கு, அந்த வங்கியின் எல்லாக் கிளைகளும் சேர்த்து, அசலும் வட்டியுமாக 5 லட்சம் வரை காப்பீடு உண்டு. மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கிக்கும், சேலத்தையே தலைமையிடமாகக் கொண்ட தமிழ்நாடு கிராம வங்கிக்கும் இது பொருந்தும். கூட்டுறவுச் சங்கங்களுக்கும் நிதி நிறுவனங்களுக்கும் அந்தக் காப்பீடு கிடையாது. வட்டி கூட வருகிறதே என்று கல்யாணப் பணத்தை அங்கே வைக்காதீர்கள்.

வைப்பும் பங்கும் எப்படி வேறு என்பதற்குக் கரூர் லட்சுமி விலாஸ் வங்கியே சாட்சி. 1926-இல் தொடங்கிய அந்த வங்கி நொடித்தபோது, 2020 நவம்பரில் சில நாட்கள் 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியவில்லை. அப்புறம் டி.பி.எஸ். வங்கியோடு இணைத்தார்கள். வைப்பு வைத்திருந்தவர்களின் பணம் முழுசாகத் தப்பியது. அதன் பங்கை வாங்கி வைத்திருந்தவர்களுக்கு ஒரு ரூபாயும் மிஞ்சவில்லை.

ஆகவே அந்த 3 லட்சம், நீங்கள் நடந்தே போய்வரக்கூடிய ஒரு வங்கியிலோ தபால் நிலையத்திலோ இருக்கட்டும். வங்கி என்றால் ஒரே வைப்பு ரசீதாக வேண்டாம், லட்சம் லட்சமாக மூன்று ரசீது போடுங்கள். மண்டபத்துக்கு முன்பணம் கேட்கும்போது ஒன்றை மட்டும் உடைத்துக்கொள்ளலாம், மற்ற இரண்டின் வட்டியும் குறையாது. மூன்றிலும் நாமினி பெயரை எழுதச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள்.